பலகையும் மேடையும்

அவளுக்குச் சின்ன வயதிலேயே வீட்டில் வைத்த பட்டப்பெயர் அகராதி. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி போடுகிற பிள்ளையை வேறு என்னவென்று கூப்பிடுவது? "அகராதி பிடிச்ச கழுதை" என்று அம்மா தலையில் குட்டுவாள். படித்து முடித்து, கடைசியில் ஓர் அகராதி அலுவலகத்திலேயே அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிடிச்சதுதான் பிடிச்சே, சம்பளத்தோட பிடிச்சிருக்கியேடி!"

சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. நடு அறை முழுக்கத் தகர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் நெருக்கி அடுக்கிய அட்டைகள். அட்டைக்கு ஒரு சொல், அந்தச் சொல்லை யார் எங்கே எப்படிச் சொன்னார்கள் என்ற குறிப்பு. அந்த அறையில் மின்விசிறி போடக் கூடாது. போட்டால் ஒரு வருஷத்து வேலை ஜன்னல் வழியே பறந்துபோகும். அதனால் வெயில் காலத்தில் எல்லாரும் வியர்த்து வழிந்துகொண்டே சொல்லுக்குப் பொருள் எழுதினார்கள்.

அன்று காலை இயக்குநர் ஒரு பெட்டி இனிப்போடு அந்த அறைக்குள் வந்தார். சாதாரணமாகச் சிரிக்கிற மனிதர் இல்லை. அன்றைக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

"என்னம்மா, நம்ம அகராதி கோர்ட் படி ஏறியிருக்கு தெரியுமா? உங்க சொல்லைத்தான் ஆதாரமாக் காட்டியிருக்காங்க. மேடை!"

ஒரு கட்டடக் கம்பெனியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்திருந்தது. உங்கள் அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'மேடை' என்பதற்கு 'தரைமட்டத்துக்கு மேல் நிலையாகக் கட்டப்பட்ட தளம்' என்று பொருள் தந்திருக்கிறீர்கள். அது சரியான பொருள்தான் என்று அந்தப் பதிவை எழுதிய ஆசிரியர் கையெழுத்திட்டு ஒரு கடிதம் தர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தப் பதிவு அவளுடையது. ஒன்றரை மாதம் அதோடு குடித்தனம் நடத்தியிருந்தாள். மேல், மேடு, மேடை என்று அந்தக் குடும்பத்தை ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்தாள். ஆணவத்தைச் சொல்கிற மேட்டிமைகூட அந்த வீட்டுப் பிள்ளைதான் என்று கண்டபோது தனியாகச் சிரித்துக்கொண்டாள். மாலை மாற்றுகிற இடமும் மேடை, கயிற்றில் தொங்கவிடுகிற இடமும் மேடை. சமைக்கிறவள் காய் நறுக்குவது மேடையில், ரயிலுக்குக் காத்திருப்பது மேடையில். ஓர் ஆளைத் தூக்கி நாலு பேர் கண்ணில் படும்படி நிறுத்துகிற எதற்கும் மனிதர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பதிவைப் பற்றி யாராவது கேட்டால் அவள் அரை மணி நேரம் பேசுவாள். யாரும் கேட்டதில்லை.

"என்ன கேஸ் சார்?" என்றாள்.

"யாரோ பெயிண்டர் விழுந்துட்டானாம். நமக்கு என்ன அதெல்லாம்? கையெழுத்தைப் போட்டுக் குடுங்க."

கடிதத்துக்குப் பின்னால் வழக்கின் பக்கங்கள் சிலவற்றையும் இணைத்திருந்தார்கள். இனிப்பு வாயில் கரைவதற்குள் அவள் படிக்க ஆரம்பித்தாள். பத்து மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது, நான்காவது மாடி உயரத்தில் பலகை ஒரு பக்கம் சரிந்து ஒரு தொழிலாளி விழுந்திருக்கிறார். மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிற்றில் இறக்கிவிட்ட பலகை அது. சுற்றிலும் தடுப்புக் கம்பி இல்லை, இடுப்பில் கட்டுகிற பட்டையும் இல்லை. முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. தொழிலாளர் சங்கத்துக்கும் கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தத்தில் பதினோராவது பிரிவு, 'மேடை மீது நின்று வேலை செய்யும் எவருக்கும்' தடுப்பும் பட்டையும் தர வேண்டும் என்றது. கம்பெனி வக்கீலின் வாதம் இரண்டே வரி. அவர் நின்றது மேடை அல்ல, தொங்கும் பலகை. மேடை என்றால் நிலையாகக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், அகராதியைப் பாருங்கள்.

'நிலையாக' என்ற சொல்லின் அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

மீதி இனிப்பை மேஜையில் வைத்தாள். அந்தச் சொல்லை ஏன் போட்டோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கட்டடத்துக்கே வெளியே வண்ணம் அடித்தார்கள். ஒருநாள் அவள் ஜன்னலுக்கு வெளியே நான்கு கால்கள் இறங்கிவந்தன. பிறகு இரண்டு ஆட்கள். ஒருவர் மேலே பார்த்துக் கத்தினார்: "மேடையை இன்னும் கொஞ்சம் இறக்குப்பா, ஜன்னலுக்கு அடியில தொடவே இல்ல!" அவள் உடனே ஓர் அட்டையை எடுத்துத் தேதி போட்டு எழுதிவைத்தாள். சொல் பொறுக்குகிறவளுக்கு அது தெருவில் கிடந்த காசு மாதிரி.

இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகும்முன் அந்த அட்டையை ஒதுக்கியவளும் அவள்தான். முதல் பதிப்பில் பேச்சுச் சொற்கள் மலிந்துவிட்டன, இது அகராதியா சந்தைக்கடையா என்று ஒருவர் பத்திரிகையில் எழுதியிருந்தார். பொருள் எழுதுகிற வேலைக்கு அவள் அப்போதுதான் வந்திருந்தாள். நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. கயிற்றில் ஆடுகிற பலகை எப்படி மேடையாகும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அது உள்ளே நுழைய முடியாதபடி 'நிலையாக' என்று ஒரு தாழ்ப்பாள் போட்டாள். இறுக்கமான வரையறை என்று அப்போது எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒதுக்கிய அட்டைகள் சுவரோரம் கீழ்வரிசை இழுப்பறைகளில் இருந்தன. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தேடினாள். முக்கால் மணி நேரம் ஆனது. அட்டை கிடைத்தது. நீல மையில் அவள் கையெழுத்து, தேதி, அந்த ஆள் சொன்ன வாக்கியம். ஓரத்தில், பென்சிலில், அதே கையெழுத்து: 'கொச்சை. வேண்டாம்.'

அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த விஷயத்தையும் வந்த நேரம், போன நேரம் என்று இரண்டாகப் பிரித்து முடித்துவிடுகிற மனிதர். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டே அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"பென்சில்தானே? ரப்பரை எடுத்துத் தேய். அப்புறம் இதைக் கொண்டுபோய் அந்தப் பெயிண்டர் பக்கத்து வக்கீல்கிட்ட குடு. அவனுக்கும் நல்லது, உனக்கும் கெட்ட பேர் இல்ல. இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே."

"தேய்ச்சா?"

"தேய்ச்சா என்ன? யாருக்குத் தெரியும்?"

மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பெட்டியில் ரப்பர் இருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சோறு வடித்தாள், துணி மடித்தாள், திரும்ப வந்து பார்த்தாள். ரப்பர் அங்கேயே இருந்தது. எடுத்துப் பெட்டிக்குள்ளேயே போட்டாள்.

மறுநாள் இயக்குநர் அறையில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை.

"மூணாவது பதிப்பு ரெண்டு மாசத்துல அச்சுக்குப் போகுது. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் வாங்கப் போறாங்க. இந்த நேரத்துல நம்ம அகராதி தப்புன்னு நாமளே போய்ச் சொல்றதா? யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற மாதிரி இருக்கு."

"தப்பா இருக்கே சார்."

"தப்பு இல்ல, விடுபட்டிருக்கு. எல்லா அகராதியிலயும் விடுபடும். கடல் தண்ணியைக் குடத்துல பிடிச்சா கொஞ்சம் வெளியதான் நிக்கும்."

"விடுபடல சார். நான் கதவைச் சாத்தினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்துப் போட வேண்டாம். நான் வேற ஆளை வச்சுப் போட்டுக்கறேன். நீங்க பேசாம இருந்தா போதும். அவ்வளவுதான் கேக்கறேன்."

பேசாமல் இருப்பது எளிது என்று அவளும் நினைத்தாள். இரண்டு நாள் இருந்தும் பார்த்தாள். மூன்றாம் நாள் வழக்குத் தாளில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு பெயிண்டர் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து விட்டதோடு சரி, ஏழு மாசமாக அவர் தரையை மிதிக்கவில்லை. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், தோளும் கையும் இன்னும் வேலைக்காரனுடையவை, கால்கள் மட்டும் வேறு யாருடையவோ மாதிரி மெலிந்திருந்தன. அவர் மனைவி பக்கத்து அறையில் தையல் மெஷினில் இருந்தாள். பள்ளிச் சீருடைகள் குவிந்து கிடந்தன. அகராதி அலுவலகம் என்று கேட்டதும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, டீ போட்டுக் கொடுத்து, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"உங்களுக்கு உதவலாமான்னு பார்க்க வந்தேன்" என்றாள் அகராதிக்காரி. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க நின்னு வேலை பார்த்தீங்களே, அதை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"எதை, மேடையையா?" என்றார் அவர்.

அவள் டீக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பலகைன்னு சொல்ல மாட்டீங்களா?"

"பலகைன்னா எந்தப் பலகைன்னு கேப்பாங்களே. டப்பா வைக்கிற பலகை, ஏறி நிக்கிற பலகை, கதவுப் பலகை, ஊர்ப்பட்ட பலகை இருக்கு. காலையில வந்ததும் மேஸ்திரி கீழேருந்து கத்துவார், மேடை ரெடியான்னு. ரெடின்னா ஏறுவோம்." அவர் சிரித்தார். "மேடைப் பேச்சாளர்னா நாங்கதான். பத்தாவது மாடியில நின்னு பேசுவோம். ஒருத்தன் கைதட்ட மாட்டான்."

"சாரம்னு சொல்றதில்லையா?"

"சாரம் தரையிலேருந்து கம்பு நட்டுக் கட்டுறது. அது வேற. சில ஊர்ல சாரம்னா இடுப்புல கட்டுற கைலி. சாரத்தை அவுத்துட்டு வான்னு எங்க மேஸ்திரி சொல்லப்போக, புதுசா வந்த ஒருத்தன் சண்டைக்கே வந்துட்டான்."

மனைவி சிரிக்கவில்லை. "பேர்ல என்ன இருக்கு? எதுலேருந்து விழுந்தா என்ன? விழுந்தது ஆள்தானே?" என்றாள்.

"கோர்ட்ல பேர்தான் கேக்கறாங்கம்மா" என்றார் அவர். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "மேஸ்திரி தினமும் ஒரு நோட்டு எழுதுவார். எத்தனை ஆளு, எந்தப் பக்கம் வேலை, எல்லாம். அதுல என்ன எழுதியிருக்காரோ" என்றார்.

கைப்பைக்குள் அட்டை இருந்தது. எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வந்திருந்தாள். வாய்வரை வந்தது. அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இவள் டீயைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கினாள்.

தொழிலாளர் பக்கத்து வக்கீல் முப்பது வயதுப் பெண். ஒரு போட்டோகாப்பிக் கடைக்கு மேலே இருந்தது அவள் அறை. பேசும்போதெல்லாம் கீழே மெஷின் உறுமுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரியின் நோட்டைப் பற்றிக் கேட்டதும் துள்ளி எழுந்தாள். "யாரும் சொல்லவே இல்லையே இதை!" பிறகு அட்டையை வாங்கினாள். நீல மையைப் படித்தபோது முகம் மலர்ந்தது. ஓரத்துப் பென்சிலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"மேடம், இதை அவங்க பார்த்தா உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க."

"தெரியும்."

"அட்டையை விட்டுட்டு, வாய்வார்த்தையா மட்டும் சொல்றீங்களா?"

"அட்டை இல்லாம நான் சொன்னா யார் நம்புவா? பதினாறு வருஷத்துக்கு முன்னாடி கேட்டதுன்னு எப்படிக் காட்டறது?"

வக்கீல் பெண் பென்சில் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிச்சிடலாமான்னு கேக்கறீங்களா?" என்றாள் இவள்.

"நான் எதுவும் கேக்கலை" என்றாள் வக்கீல், சட்டென்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தபடி.

வழக்கு நாளன்று தொழிலாளர் நீதிமன்றத்தின் சின்ன அறையில் ஐம்பது பேர் இருந்தார்கள். பெயிண்டரைச் சங்கத்து ஆட்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வெளுத்த சட்டை போட்டு, தலையை நன்றாக வாரி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் மனைவி. அகராதிக்காரி சாட்சிக் கூண்டில் ஏறி நின்றபோது அவர் இவளைப் பார்த்துத் தலையசைத்தார். இவளும் தலையசைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. சொல்லின் பிறப்பைச் சொன்னாள். மேடு என்றால் உயர்ந்த நிலம், அதிலிருந்து மேடை, உயரம்தான் அதன் உயிர், நிலைத்து நிற்பது அல்ல என்று விளக்கினாள். அட்டை கைமாறி நீதிபதிக்குப் போனது. பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். பெரிய குரல் இல்லை, சர்க்கரையாகப் பேசினார்.

"அம்மா, அட்டை ஓரத்துல பென்சில்ல ஏதோ இருக்கே. கொஞ்சம் சத்தமாப் படிக்கிறீங்களா?"

"கொச்சை. வேண்டாம்."

"யார் கையெழுத்து?"

"என்னோடது."

"அப்போ நல்லா யோசிச்சு இந்த அர்த்தம் வேண்டாம்னு ஒதுக்கினதும் நீங்க. இப்ப இங்க வந்து வேணும்ங்கறதும் நீங்க. எந்த உங்களை இந்தக் கோர்ட் நம்பறது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரையும் நம்பலாம். அப்போ இருந்தவ, அவங்க அப்படிப் பேசலைன்னு எழுதலை. பேசினதைக் காதால கேட்டிருக்கா, தேதி போட்டு எழுதியிருக்கா. நம்ம புத்தகத்துல ஏற இது லாயக்கு இல்லைன்னுதான் நினைச்சா. தப்பு அங்கதான்."

"இப்படி உங்க அகராதியில இன்னும் எத்தனை தப்பு இருக்கு?"

"தெரியாது."

"தெரியாது! இதைத்தான் நாளைக்கு எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் படிக்கப்போகுது." அவர் உட்கார்ந்தார்.

அதோடு முடிந்திருக்கும். நீதிபதி அட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு கேள்வி எனக்கும் இருக்கு. 'நிலையாக'ங்கற சொல்லை எதுக்காகச் சேர்த்தீங்க?" என்றார்.

வழக்கமாகச் செய்வதுதான், துல்லியத்துக்காக, என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. வக்கீல் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பலகை உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் ஐயா" என்றாள்.

நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தை அடுத்த தவணையில் கொண்டுவர வேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு போட்டார். அது தொலைந்துவிட்டது என்று கம்பெனி வக்கீல் ஆரம்பித்தார். தேடுங்கள் என்றார் நீதிபதி.

வெளியே தாழ்வாரத்தில் சங்கத்து ஆட்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அவள் ஒதுங்கிப் போய்விடப் பார்த்தாள். பெயிண்டர் கையைத் தூக்கிக் கூப்பிட்டார். முகத்தில் கோபம் இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"கொச்சைன்னா என்னம்மா?"

ஆயிரக்கணக்கான சொல்லுக்குப் பொருள் எழுதியவள் அவள். அந்த ஒரு சொல்லுக்கும் அவளே எழுதிய பதிவு இருந்தது. அது வரி பிசகாமல் மனதில் ஓடியது. அதை எப்படி அந்த முகத்துக்கு நேரே சொல்வது?

பதில் சொன்னது அவர் மனைவி. "நம்மள மாதிரி ஆளுங்க பேசறது."

"அப்படி இல்லம்மா..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து டீ குடிச்சீங்களே. அப்பவே இந்த அட்டை உங்க பையில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அந்த அம்மாள் நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள். அவர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண் எதையாவது சொன்னதா என்று இவள் வெகுநாள் யோசித்தாள். ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

அலுவலகத்தில் அவள் மேஜையை அந்த வாரமே மாற்றினார்கள். பொருள் எழுதுகிற வேலை போய், அச்சுப்படி திருத்துகிற அறைக்குப் போனாள். அங்கே மின்விசிறி உண்டு. "உங்களை வீட்டுக்கே அனுப்பச் சொன்னாங்க, நான்தான் நடுவுல நின்னேன்" என்றார் இயக்குநர். அது நிஜம்தான். பள்ளிக்கூடங்களுக்கு வாங்குகிற பேச்சு அந்த வருஷம் நின்றுபோனது, மூன்றாம் பதிப்பும் தள்ளிப்போனது. யாரும் அவளிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் டீ வரும்போது அவள் பக்கம் கடைசியாக வந்தது. வீட்டுக்காரர் ஒருநாள், "ரப்பர் போட்டிருந்தா இந்நேரம்..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டி லேட் என்று ஏதோ டெப்போ கதைக்குத் தாவினார். அவளுக்குச் சில நாள் அழுகை வந்தது. சில நாள் அதுவும் வரவில்லை.

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வக்கீல் பெண் போனில் படித்துக் காட்டினாள். நோட்டுப் புத்தகம் கிடைத்துவிட்டது, தேடினால் கிடைக்காமல் எங்கே போகும்? நாற்பத்தோரு நாள் வேலைக் குறிப்பில் ஒவ்வொரு நாளும் மேஸ்திரியின் கோணல் எழுத்தில் 'மேடை ஏத்தியாச்சு', 'மேடை எறக்கியாச்சு' என்று இருந்தது. கடைசி நாளில் 'மேடை சரிஞ்சுடுச்சு. ஒரு ஆள்' என்று எழுதி, அதோடு பக்கம் வெறுமையாக இருந்தது. கம்பெனியே மேடை என்று அழைத்ததை மேடை அல்ல என்று இப்போது சொல்ல முடியாது என்றார் நீதிபதி. அகராதியைத் தாம் ஆதாரமாகக் கொள்ளவில்லை என்று ஒரு வரி. இந்தச் சொல்வழக்கு நெடுங்காலமாகவே தொழிலாளர் வாயில் இருந்துவருவதற்கு அட்டை ஒரு சான்று என்று இன்னொரு வரி. பென்சில் எழுத்தைப் பற்றித் தீர்ப்பில் எதுவும் இல்லை.

"ஜெயிச்சுட்டோம் மேடம்" என்றாள் வக்கீல். குரலில் பெரிய சந்தோஷம் இல்லை. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகிறது, அது இன்னும் எத்தனை வருஷமோ.

மூன்றாம் பதிப்பின் அச்சுப்படி 'ம' வரிசைக்கு வந்தபோது அவள் அந்தப் பதிவைத்தான் முதலில் தேடினாள். 'மேடை'யிலிருந்து 'நிலையாக' போயிருந்தது. நான்காவது பொருளாக, 'கட்டடத்தின் வெளிப்புறத்தில் கயிற்றில் இறக்கி, மேல் நின்று வேலை செய்யும் பலகை' என்று புதிதாகச் சேர்ந்திருந்தது. இயக்குநரின் நடைதான் அது, அவருக்கே உரிய வரிசை. அவர் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொருளுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'பே.வ.' என்று, பேச்சு வழக்கு என்பதன் சுருக்கத்தைப் போட்டிருந்தார். கொச்சைக்குச் சலவைச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. எழுத்துப் பிழை ஏதும் இல்லை. பிழை இல்லாத இடத்தில் அவள் கை வைக்க முடியாது. ஓரத்தில் சரி என்று குறித்து அடுத்த தாளுக்குப் போனாள்.

மதியம் பெயிண்டர் வீட்டுக்குப் போன் செய்தாள். மனைவிதான் எடுத்தாள்.

"அவரைச் சங்கத்து ஆளுங்க ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. என்ன விஷயம்?"

"அகராதியில மாத்திட்டாங்க. அவர் சொன்ன அர்த்தம் வந்திருக்கு. அதைச் சொல்லலாம்னு..."

அந்த அம்மாள் அவளை முடிக்க விடவில்லை.

"அதனால அவர் எழுந்து நடக்கப் போறாரா?"

"இல்லம்மா."

"சரி." கொஞ்சம் பொறுத்து, "நான் சொல்றேன்" என்றாள். பிறகு, "எனக்கு அதையெல்லாம் சொல்லத் தெரியாது. ஞாயித்துக்கிழமை வீட்டுலதான் இருப்பார். வேணும்னா நீங்களே வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

அது கூப்பிடுவதா, தட்டிக்கழிப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனாள்.